நாற்பத்தொரு சதவீதம்

மே 3, சனி

ஆவுடையப்பன் சொன்னதால் எழுதுகிறேன். கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறான், பள்ளிக்கூடத்திலிருந்தே பழக்கம். "ஒரு நேரத்துல ஒண்ண மட்டும் மாத்து. என்ன மாத்துன, எங்க நின்னுச்சுன்னு எழுதி வையி. அத நோண்டினேன் இத நோண்டினேன்னு வந்து நின்னேன்னா பாக்க மாட்டேன்" என்று கறாராகச் சொல்லிவிட்டான். நகைக்கடையில் பொங்கலுக்குக் கொடுத்த டைரி காலியாகத்தான் கிடக்கிறது. வழக்கமாக இதில் முகூர்த்த ஆர்டர்களைக் குறித்து வைப்பேன். இந்த வருடம் ஆர்டர் குறைவு.

வேலை: என் தம்பி கோமதிநாயகத்தின் கல்யாண வீடியோ. மூன்று மணி பத்து நிமிடம், 4கே. மூன்று கேமரா, ஒரு டிரோன். ஏப்ரல் முழுக்க உட்கார்ந்து எடிட்டிங் முடித்துவிட்டேன். இனி எக்ஸ்போர்ட் மட்டும்தான். நூற்றுக்கணக்கான துண்டுகளாகக் கிடப்பதை கம்ப்யூட்டர் ஒரே ஃபைலாக எழுதித் தர வேண்டும். சங்கரன்கோவிலில் என்னைவிட அதிகக் கல்யாணங்களை எக்ஸ்போர்ட் செய்தவன் கிடையாது. தூங்கிக்கொண்டே செய்வேன்.

எடுத்த ஃபுட்டேஜ் எல்லாம் இருப்பது: வெளி ஹார்ட் டிஸ்க், கறுப்பு, ஒரு மூலை நசுங்கியது.

முதல் முயற்சி, காலை ஏழு மணி. 41 சதவீதத்தில் நின்றது. இரண்டு மணி நேரம் காத்திருந்தும் 42 ஆகவில்லை.

கெடு: 21, புதன். அன்று செண்பகம் வருகிறாள்.

மே 4, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் ஆரம்பம். ஸ்டுடியோவின் மேலே வெறும் தளம், காலை பத்து மணிக்கே அனல் இறங்குகிறது. சூட்டில் கம்ப்யூட்டர் படுத்துவிடுகிறது என்று முடிவு செய்து, கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி, ஃபேனில் படிந்த தூசியை பிரஷ்ஷால் தட்டி, டேபிள் ஃபேனை நேராக அதற்குத் திருப்பி வைத்தேன். எனக்குக் காற்று இல்லை. அதற்காவது இருக்கட்டும்.

41.

செண்பகவல்லி என் தம்பி மனைவி. இப்படி எழுதலாமா என்று தெரியவில்லை. வருகிற 25ஆம் தேதி கழுகுமலையில் வைத்து அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அருப்புக்கோட்டையில் வாத்தியார், நல்ல மனிதர் என்கிறார்கள். வேண்டாம் வேண்டாம் என்று நின்றவளை வற்புறுத்திச் சம்மதிக்க வைத்ததே எங்கள் அம்மாதான். இருபத்தெட்டு வயதுப் பெண் எத்தனை நாளைக்கு நம் வீட்டு போட்டோவைத் துடைத்துக்கொண்டிருப்பாள் என்று கேட்டாள்.

மார்ச்சில், கோவில்பட்டியில் தாய் வீட்டுக்குப் போன பிறகு, போன் செய்தாள். "அத்தான், எங்க கல்யாண வீடியோவ ஒரே ஒரு தடவ முழுசா பாத்துட்டுப் போயிருதேன். கொண்டு போகமாட்டேன். அங்க போன பொறவு கேக்க முடியாதுல்லா."

"எடிட் பண்ணி வச்சிருக்கேம்மா, வா" என்றேன்.

வைத்திருக்கவில்லை. கல்யாணம் முடிந்து மூன்று வருடம் ஆகப்போகிறது, அப்போதுவரை அதைத் தொட்டதுகூடக் கிடையாது.

மே 5, திங்கள்

சி டிரைவில் இடம் இல்லை. மென்பொருள் தற்காலிகமாகச் சேர்த்து வைத்த பழைய கேஷ் ஃபைல்களே இருநூறு ஜிபி. எல்லாவற்றையும் அழித்தேன்.

41.

மே 7, புதன்

கிராபிக்ஸ் கார்டை நிறுத்திவிட்டு வெறும் பிராசஸரை வைத்து ஓட்டினேன். இன்னும் இருபத்தாறு மணி நேரம் என்று காட்டியது. சரி, ஆகட்டும் என்று விட்டேன். மத்தியானம் கரண்ட் போனது. யுபிஎஸ் கால் மணி நேரம் கத்திவிட்டு ஓய்ந்தது. அப்போது பத்தொன்பது சதவீதம்.

கரண்ட் வந்ததும் மறுபடி முதலிலிருந்து. அம்மா சாப்பாட்டுத் தூக்கோடு வந்து, எழுதி முடிப்பதைக் காட்டும் அந்த நீலக் கோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். "இது ஊந்து போயி எப்ப முடியும்?" என்று கேட்டாள். முடியும் என்றேன்.

மே 8, வியாழன்

41. பிராசஸர் வழியாகப் போனாலும் அதே இடம். சாயங்காலம் கடையை அடைத்துவிட்டு ஆவுடையப்பன் வந்தான். டைரியை வாங்கிப் படித்தான்.

"எத மாத்தினாலும் நாப்பத்தொண்ணுல நிக்குன்னா சிஸ்டத்துல கோளாறு இல்லடே. அந்த எடத்துல வார கிளிப்புலதான் கோளாறு. அது எதுல இருக்கு?"

டிஸ்க்கைக் காட்டினேன். கையில் எடுத்து நசுங்கிய மூலையைத் தடவிப் பார்த்தான். காதில் வைத்துக் கேட்டான். "டிக்கு டிக்குங்கு. இது எங்க விழுந்துச்சு?"

மேசையிலிருந்து என்றேன்.

"இந்த மேசையில இருந்தா?" என்று மேசையையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தான். "மொதல்ல இதுல உள்ளத எல்லாம் வேற டிஸ்க்குல காப்பி போடு. அதுல வச்சு எக்ஸ்போர்ட் பண்ணு. இன்னொரு காப்பி வச்சிருக்கேல்லா?"

டிஸ்க்கில் ஒன்றும் இல்லை, மென்பொருள் பழையது, அதுதான் காரணம் என்று சொல்லி அவனை டீ குடிக்கக் கூட்டிப்போனேன். திரும்பி வரும்போது அவன் அதைப் பற்றிப் பேசவில்லை.

மே 9, வெள்ளி

மென்பொருளைப் புதிதாக ஏற்றினேன். 41.

மே 10, சனி

மொத்த வீடியோவை ஆறு துண்டாகப் பிரித்து ஒவ்வொன்றாக எக்ஸ்போர்ட் செய்தேன். ஐந்து துண்டுகள் வந்துவிட்டன. மாப்பிள்ளை அழைப்பு, தாலி கட்டு, மறுவீடு எல்லாம் கண்ணாடி மாதிரி இருக்கிறது. மூன்றாவது மட்டும் வரவில்லை.

மூன்றாவதில் கலர் வேலை அதிகம். அதனால் இருக்கும்.

மே 12, திங்கள்

மூன்றாவது துண்டில் போட்டிருந்த கலரை எல்லாம் எடுத்துவிட்டேன். எஃபெக்ட் எடுத்தேன், பாட்டு எடுத்தேன், எழுத்து எடுத்தேன். வெறும் கிளிப் மட்டும் வரிசையாக நிற்கிறது, மொட்டை அடித்த மாதிரி. அப்படியும் அதே இடத்தில் நிற்கிறது. ஒரு மணி பதினெட்டாவது நிமிடம்.

அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். தாலி கட்டி முடிந்து, குடும்பம் குடும்பமாக மேடையேறி போட்டோ எடுக்கிறார்கள். போட்டோக்காரர் அடுத்த குடும்பத்தை வரிசைப்படுத்த, மாப்பிள்ளையும் பெண்ணும் சும்மா நிற்கிறார்கள். என்னுடன் வந்த கேமராக்காரர்கள் இரண்டு பேரும் முதல் பந்திக்குப் போய்விட்டார்கள். அது எப்போதும் நடப்பதுதான், பந்திக்கு முந்தவில்லை என்றால் நமக்கு ரசம் மட்டும்தான் மிஞ்சும். அதனால் அந்த இரண்டு நிமிடத்துக்கு என் கேமரா ஒன்றுதான். எடிட் செய்யும்போது அந்த கிளிப்பை நான் ஓட்டிப் பார்க்கவில்லை. நாயகத்தின் சட்டைக் காலரில் ஒரு சின்ன மைக் மாட்டியிருந்தேன், அதன் ஒலி அலையை வைத்துச் சரியாகப் பொருத்திவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டேன். அவசரம்.

மத்தியானம் அம்மா தூக்கை வைத்துவிட்டு நின்றாள். பிறகு சாதாரணமாகச் சொன்னாள்: "அவன் கேட்டப்பவே செஞ்சு குடுத்திருக்கலாம்லா."

அவள் குத்திக்காட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. சாப்பிடவில்லை.

மே 14, புதன்

இன்னும் ஏழு நாள். உள்ளதை எழுதிவிடுகிறேன். ஆவுடையப்பன் கேட்டால் இந்தப் பக்கத்தைக் காட்டமாட்டேன்.

டிஸ்க் மேசையிலிருந்து விழவில்லை.

போன வருடம் தை மாதம். ராஜபாளையத்தில் ஒரு கல்யாண வீட்டுக்கு வீடியோ கொடுத்திருந்தேன். பென்டிரைவ் அவர்கள் டிவியில் ஓடவில்லை. மறுநாள் வெளியூர்ச் சொந்தமெல்லாம் ஊருக்குக் கிளம்புகிறது, இன்றைக்கே பார்த்தாக வேண்டும் என்று போனில் குதித்தார்கள். எனக்கு வேறொரு கல்யாணத்தின் எடிட்டிங் பாதியில் இருந்தது. நாயகம் அப்போதுதான் வேலை முடிந்து ஸ்டுடியோ பக்கம் வந்தான். டிஸ்க்கை அவன் பையில் போட்டு, டிவியில் மாட்டிக் காட்டிவிட்டு வாடே என்றேன். பஸ்ஸில் போகிறேன் என்றான். பைக்கில் போ, சீக்கிரம் வரலாம் என்று சொன்னது நான்.

போகும்போது வாசலில் நின்று கேட்டான்: "ண்ணே, ஊரு ஒலகத்துக்கெல்லாம் டிஸ்க்க தூக்கிட்டு ஓடுதோம். நம்ம வீடியோ எப்ப?"

"வீட்டு வேலைதானடே. அடுத்த மாசம்" என்றேன். திரையிலிருந்து திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கரிவலம் தாண்டி, கரும்பு லாரி.

வேலைக்காரன் வீட்டு வேலை எப்போதும் கடைசியில்தான். வீடியோ எடுப்பவர்கள் எல்லாரிடமும் கேட்டுப் பாருங்கள், தங்கை கல்யாணமும் தம்பி கல்யாணமும் எடிட் ஆகாமல் டிஸ்க்கில் தூங்கும். கேட்க ஆள் கிடையாது, கோபித்துக்கொள்ள மாட்டார்கள், எங்கே போய்விடப் போகிறார்கள் என்ற தைரியம். ஊரார் கல்யாணத்துக்கு நான் இரண்டு பிரதி வைப்பேன், மூன்றுகூட வைத்ததுண்டு. தம்பி கல்யாணத்தை, காலி இடம் இருந்தது என்று ராஜபாளையத்துக்காரர் வீடியோ இருந்த டிஸ்க்கிலேயே ஓரமாகப் போட்டு வைத்திருந்தேன். ஒரே பிரதி. அதையும் அவன் முதுகிலேயே ஏற்றி அனுப்பினேன்.

டிஸ்க்கைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பத்து நாளாக ஏன் சோதித்துக்கொண்டிருந்தேன் என்று கேட்டால், அது வேலை செய்கிறவரை அன்றைக்கு ஒன்றும் ரொம்ப பலமாக நடக்கவில்லை என்று ஒரு நினைப்பு. பைத்தியக்காரத்தனம்தான்.

அதற்குப் பிறகு நான் எந்தக் கல்யாணத்துக்கும் கேமரா தூக்கவில்லை. ஆர்டர் குறைவு என்று முதல் பக்கத்தில் எழுதியிருந்தேன். வந்தவர்களைத் திருப்பி அனுப்பினேன் என்று எழுதியிருக்க வேண்டும்.

மே 15, வியாழன்

புதிய டிஸ்க் வாங்கி வந்து காப்பி போட்டேன். மொத்தம் அறுநூற்றுப் பன்னிரண்டு ஃபைல். அறுநூற்றுப் பதினொன்று ஏறிவிட்டது. ஒன்று ஏறவில்லை.

எது என்று எழுத வேண்டியதில்லை.

மே 16, வெள்ளி

ஆவுடையப்பனிடம் டிஸ்க்கைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எங்கே விழுந்தது என்று சொன்னேன். "தெரியும்டே. அன்னைக்கே தெரியும்" என்றான். கடையில் இருந்த கஸ்டமர்களை நாளைக்கு வரச் சொல்லிவிட்டு, ஒரு ரெகவரி மென்பொருளை ஓட்டினான். டிஸ்க்கைக் குளிர்ச்சியாக வைக்க, ஈரத்துணி சுற்றிய ஐஸ் பையைப் பக்கத்தில் வைத்து, ஜுரம் கண்ட பிள்ளையைப் பார்ப்பது மாதிரி பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் தொட்டுப் பார்த்தான். நான் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

மே 17, சனி

டிக், டிக், டிக். இன்னும் ஓடுகிறது. இரண்டு நிமிட கிளிப்பில் நான்கு நொடி வந்திருக்கிறது என்றான். பார்த்தேன். பச்சையும் ஊதாவுமாகக் கட்டம் கட்டமாக இருக்கிறது. ஒரு மூலையில் மாலையின் சம்பங்கி கொஞ்சம் தெரிகிறது.

மே 18, ஞாயிறு

காலை பதினொன்றரைக்கு டிக் டிக் சத்தம் நின்றது. சரியாகிவிட்டதோ என்று நான் எழுந்தேன். ஆவுடையப்பன் டிஸ்க்கின் மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு, கையை எடுக்காமல் அப்படியே இருந்தான்.

"சுத்துதது நின்னு போச்சு நயினாரு" என்றான்.

சென்னையில் டிஸ்க்கைப் பிரித்துப் பார்க்கும் இடம் இருக்கிறதாம். போன் செய்தோம். மாதக் கணக்கில் ஆகும், அப்போதும் உறுதி சொல்லமுடியாது என்றார்கள். எனக்கு மூன்று நாள் இருக்கிறது. மூன்று வருடம் இருந்தது.

வீட்டுக்கு வந்து குளியலறையில் அழுதேன். அம்மாவுக்குக் கேட்டிருக்கும். குழாயைத் திறந்துதான் விட்டிருந்தேன், ஆனால் தண்ணீர் வரவில்லை.

மே 19, திங்கள்

படம் இல்லை. ஒலி இருக்கிறது. காலர் மைக்கில் பதிந்ததைச் சின்ன ஃபைல்தானே என்று கம்ப்யூட்டரிலேயே போட்டு வைத்திருந்தேன். அந்த இரண்டு நிமிடத்தை இன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்டேன். மைக் மாட்டியிருப்பதை அவன் மறந்தே போயிருக்கிறான்.

ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு ஸ்டுடியோவைப் பூட்டிவிட்டு நடந்தேன். கோவில் தெப்பக்குளம் வரை போய்விட்டேன். செருப்பு போடவில்லை என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது.

அந்த இடத்தை வெட்டிவிடலாம், தெரியாமல் ஒட்டிவிடலாம். அது எனக்குக் கைவந்த வேலை. எத்தனையோ கல்யாணங்களில் மாமனார் சண்டை போட்டதையே இல்லாமல் ஆக்கியிருக்கிறேன். செய்யவில்லை. கறுப்புத் திரை வைத்து, ஒலியை மட்டும் விட்டிருக்கிறேன்.

மே 20, செவ்வாய்

காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தேன். மத்தியானம் ஒரு மணிக்கு நூறு சதவீதம். நாற்பத்தொன்றைத் தாண்டும்போது பக்கத்திலேயே இருந்தேன். நிற்கவில்லை. கறுப்பை எழுதுவதில் கம்ப்யூட்டருக்கு ஒரு சிரமமும் இல்லை.

மே 21, புதன்

பத்து மணி பஸ்ஸில் செண்பகம் வந்தாள். அம்மா அவளை உள்ளே விடாமல் வாசலிலேயே கட்டிக்கொண்டு நின்றாள். நாயகத்தின் போட்டோவுக்கு எப்போதும் போல செண்பகமே பூ போட்டாள். அப்புறம் ஹாலில் டிவி முன்னால் தரையில் உட்கார்ந்தோம், அம்மா நடுவில்.

கல்யாண வீடியோவை வீட்டுக்காரர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும். கத்துவார்கள், சிரிப்பார்கள், ஓட்டு ஓட்டு என்பார்கள். இவர்கள் இரண்டு பேரும் எதையும் தாண்டவிடவில்லை. டிரோனில் மண்டபம், மேளக்காரர்கள், பந்தலில் வாழை மரம், எல்லாவற்றையும் ஒன்று விடாமல் பார்த்தார்கள். தாலி கட்டும் இடத்தில் அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். செண்பகம் கண்ணைத் துடைக்கவில்லை, துடைத்தால் அந்த நேரத்தில் ஏதாவது தவறிவிடும் என்பது போல.

ஒரு மணி பதினெட்டு நிமிடம். திரை கறுப்பானது.

கரண்ட் போய்விட்டதா என்று அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அதற்குள் அவன் குரல் வந்துவிட்டது. முதலில் சத்தமாக, மேடையிலிருந்து: "ண்ணே! கேமராவ யார்ட்டயாவது குடுத்துட்டு மேல வா! நீ ஒரு போட்டோலயும் இல்ல!" கொஞ்சம் பொறுத்து மறுபடி: "ண்ணே! வாண்ணே!" மூன்றாவது தரம் கூப்பிடவில்லை. பெருமூச்சு விட்டான், மைக்கில் காற்று அடித்தது. பிறகு தணிந்த குரலில், பக்கத்தில் இருந்தவளிடம்:

"அவன் வரமாட்டான் செண்பகம். அவனுக்கு நம்மள நேரா பாக்கத் தெரியாது, அது வழியாத்தான் பாப்பான். அங்க பாரு, இப்ப நம்மளத்தான் பாக்கான். அவனப் பாத்து நல்லா சிரி."

பிறகு சும்மா மேளச் சத்தம். ஒன்றரை நிமிடம் கறுப்பு. அடுத்து பந்தி.

நான் ரிமோட்டை எடுத்து நிறுத்தினேன். "அந்தத் துண்டு மட்டும் போயிருச்சும்மா. டிஸ்க் விழுந்துட்டு."

"தெரியும் அத்தான்" என்றாள். "அவுக பையில இருந்தது. ஆஸ்பத்திரில பைய என்கிட்டதான குடுத்தாங்க. நான்தான தொடச்சு உங்க கையில குடுத்தேன்."

பதினாறு மாதமாக அவளுக்குத் தெரியும். நான்தான் அனுப்பினேன் என்பதும் தெரியும். இந்த வீட்டில் எனக்குச் சோறு போட்டுக்கொண்டு, தெரிந்துகொண்டே இருந்திருக்கிறாள். நான் என்னமோ சொல்ல வாயெடுத்தேன். அனுப்பியது நான்தான், பைக்கில் போகச் சொன்னதும் நான்தான், அதில் ஏதோ ஒன்றை. அவள் மனசு அதில் இல்லை. நிறுத்திய திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தான், அவுக சொன்ன பொறவு நான் சிரிச்சேனா?"

எனக்குப் புரியவில்லை.

"அவுக அப்படிச் சொன்னதே இப்பக் கேக்கப்போதான் ஞாபகம் வருது. நான் சிரிச்சேனா, வெக்கப்பட்டுக் குனிஞ்சிட்டேனான்னு தெரியல. அவுக மொகம் அப்ப எப்படி இருந்துச்சு? நீங்கதான பாத்துக்கிட்டு இருந்திய. வேற யாரும் பாக்கலல்லா."

"சிரிச்சேம்மா" என்றேன். "ரெண்டு பேரும் நல்லா சிரிச்சிய."

"நெசமாவா?"

"நெசமா."

தலையை ஆட்டிக்கொண்டாள். முகம் கொஞ்சம் தெளிந்தது. மிச்சத்தையும் முழுசாகப் பார்த்தாள். சாப்பிட்டாள். நாலு மணி பஸ்ஸுக்கு நான்தான் கொண்டுபோய் விட்டேன். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, "அம்மாவப் பாத்துக்கிடுங்க அத்தான். நீங்களும் நேரத்துக்குச் சாப்பிடுங்க" என்றாள். பஸ் கிளம்பும்போது, "அவுக சிரிச்சாங்கல்லா?" என்று இன்னொரு தடவை கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினேன்.

மே 22, வியாழன்

ஆவுடையப்பன் சொன்ன விதி: என்ன மாற்றினேன், எங்கே நின்றது என்று எழுத வேண்டும். இதையும் எழுதிவிடுகிறேன்.

அவர்கள் சிரித்தார்களா என்று எனக்குத் தெரியாது. அந்த இரண்டு நிமிடமும் என் கண் கேமராவின் வியூஃபைண்டரில்தான் இருந்தது. அவன் கூப்பிட்டது காதில் விழுந்தது, இதோ இதோ என்று கையைக் காட்டினேன். அதற்குமேல் எவ்வளவோ யோசித்துப் பார்க்கிறேன். நேற்று முழுக்க யோசித்தேன். இன்றைக்கும்.

நான் பார்த்தது அதன் ஓரத்தில் சிவப்பாக மினுக்கிய பேட்டரி அடையாளத்தை. பன்னிரண்டு சதவீதம். அது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.